என்.எஸ்.எஸ்.இல் சேர்ந்தாச்சு, அப்புறம்?

நேர்காணல் மேசையில் கேள்வி கேட்கிற பக்கம் உட்கார ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆகிறது. படிப்பை முடித்த கையோடு வருகிறவர்களின் சுயவிவரத்தில் பெரும்பாலும் கடைசிப் பத்திக்கு மேலே ஒரு வரி இருக்கும்: என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) தன்னார்வலர், 240 மணி நேரம். நானும் அங்கிருந்து வந்தவள் என்பதால் அந்த வரியைத்தான் முதலில் தொடுவேன். "என்ன செஞ்சீங்க?" "மரம் நட்டோம் மேடம்." "எத்தனை?" "நிறைய மேடம்." "இப்ப எத்தனை உயிரோட இருக்கு?" அதோடு பேச்சு நின்றுவிடும்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வெயிலில் குழி தோண்டியிருப்பான். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு வேலைகூட அவன் பெயரில் இல்லை, எல்லாம் "நட்டோம், செய்தோம், போனோம்". கூட்டத்தில் ஒருவனாக நின்றதற்குச் சான்றிதழ் உண்டு, சொல்லிக்கொள்ள ஒரு கதை கிடையாது. தொண்டு வேலையால் வேலைக்கான திறமை வளரும் என்று கல்லூரித் தொடக்க விழாவில் எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள், உண்மைதான், ஆனால் தானாக வளராது. எப்படிச் செய்தால் வளரும் என்பதைத்தான் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எதில் சேர்வது

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கண்ணுக்கு முன்னால் இருப்பது நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடம், மொத்தம் 240. அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஓர் அணிக்கு 100 பேர், ஒரு திட்ட அலுவலர். அவர் பெரும்பாலும் வேதியியலோ பொருளியலோ நடத்திக்கொண்டு இதையும் தோளில் போட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர். சின்னத்தில் இருக்கும் கோனாரக் தேர்ச் சக்கரத்தின் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன என்பார்கள். முகாம் நடக்கும் வாரத்தில் திட்ட அலுவலரின் முகத்தைப் பார்த்தால் அது அடையாளமாகச் சொன்னது இல்லை என்று புரியும்.

இது தவிர யூத் ரெட் கிராஸ், ரெட் ரிப்பன் கிளப் எல்லாம் உண்டு. என்.சி.சி. வேறு கணக்கு. அது பயிற்சி, சீருடை, ஒழுங்கு. 'சி' சான்றிதழில் நல்ல கிரேடு வாங்கிய பட்டதாரிகளுக்கு ராணுவத்தில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக, அதிகாரிகளைத் தேர்வு செய்யும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகும் வழி இருக்கிறது. அந்தக் கனவு உள்ளவர்கள் அங்கே போங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

மற்றவர்களுக்கு எது என்பதில் நான் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டேன். எது உங்கள் கல்லூரியில் உண்மையாக நடக்கிறதோ அதில் சேருங்கள். எப்படித் தெரிந்துகொள்வது? மூன்றாம் வருட அண்ணன் அக்காக்களிடம் "போன முகாம் எங்க, என்ன வேலை பார்த்தீங்க" என்று கேளுங்கள். ஊர் பெயரும் யாரோ ஓர் ஆயாவின் பெயரும் சேர்ந்து வந்தால் அது நடக்கிற அணி. "ஓ.டி. கிடைக்கும்டா" (வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு) என்பது மட்டும் பதிலாக வந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் பிடிக்காத வேலையைக் கேட்டு வாங்குங்கள்

நான் சொல்ல வந்ததே இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுவேன்.

முகாமில் எல்லோரும் சண்டை போட்டு வாங்கும் வேலைகள் உண்டு: மேடையில் தொகுத்து வழங்குவது, பேனர் வடிவமைப்பது, ரீல்ஸ் எடுப்பது. யாரும் தொடாத வேலைகளும் உண்டு: சாப்பாடு, வண்டி, தண்ணீர், கழிப்பறை, வருகைப் பதிவு, பில். இரண்டாவது பட்டியலில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அங்கேதான் ஏதாவது தவறாகப் போகும், போனால் உங்களிடம்தான் வருவார்கள், அதைச் சரிசெய்யும்போதுதான் நாளைக்கு அலுவலகத்தில் கேட்கப்போகிற அத்தனை திறமையும் வந்து சேரும்.

எனக்குச் சாப்பாடு விழுந்தது. விரும்பி எடுக்கவில்லை, கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன், மிச்சம் இருந்தது அதுதான். விருதுநகர் பக்கம் ஒரு கிராமம், 50 பேர், ஏழு நாள், மூன்று வேளை. ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று எங்கேயோ பார்த்து, வேளைக்கு ஏழரைக் கிலோ என்று கணக்குப் போட்டு, மூட்டை இறக்கி, பெருமையாக உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் மதியமே பானை காலி, பதினைந்து பேர் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சமைக்க வந்திருந்த அம்மா என்னைப் பார்த்து, "மம்பட்டி புடிச்ச புள்ளைக்கு நூத்தம்பது எப்படிம்மா பத்தும்? இருநூறு போடு" என்றார். விடுதியில் உட்கார்ந்து படிக்கிறவன் சாப்பிடும் அளவும் காலையில் இருந்து கண்மாய்க் கரையில் மண்வெட்டியோடு நின்றவன் சாப்பிடும் அளவும் வேறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று அவசரத்துக்கு உப்புமா கிளறினோம். மாலையே கணக்கை மாற்றினேன், வேளைக்குப் பத்துக் கிலோ. அரிசி கூடினால் பணம் எங்கிருந்து வரும்? கடைசி நாளுக்கு வைத்திருந்த இனிப்பு போனது, காய்கறியைக் கடையில் வாங்காமல் சந்தை நாள் வரை காத்திருந்து வாங்கினோம், ஊராட்சித் தலைவர் வீட்டில் இருந்து இரண்டு கூடை கத்தரிக்காய் வந்தது. அதற்கு நான் போய்ப் பேச வேண்டியிருந்தது, பேசத் தெரியாமல் பத்து நிமிடம் திண்ணையில் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கதையை என் முதல் நேர்காணலில் சொன்னேன். மதிப்பீடு போட்டது, அது தப்பானது, தப்பென்று தெரிந்த அன்றே மாற்றியது, பட்ஜெட்டுக்குள் வேறொன்றைக் குறைத்தது, முன்பின் தெரியாத பெரியவரிடம் போய் உதவி கேட்டது: எல்லாம் ஒரு பானைச் சோற்றில் இருக்கிறது. எதிரே இருந்தவர் சிரித்துவிட்டு, "கத்தரிக்காய்க்கு பில் போட்டீங்களா?" என்றார். போடவில்லை. நன்கொடைப் பதிவு என்று தனிப் பக்கம் வைத்திருந்தேன். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாப்பாடுதான் வேண்டும் என்று இல்லை. ரத்ததான முகாமில் பதிவு மேசையை எடுத்துக்கொண்டால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், முன்பே கொடுத்தவர் என்றால் ஆணுக்கு மூன்று மாதமும் பெண்ணுக்கு நான்கு மாதமும் ஆகியிருக்க வேண்டும். முதல் முறை நாங்கள் 100 பெயர் வாங்கிக்கொண்டு ரத்த வங்கியிடம் 100 யூனிட் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டோம். காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள், முந்தின இரவு தூங்காதவர்கள், ஹீமோகுளோபின் குறைவாக இருந்த பெண்கள் என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் போனபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த முறை பெயர் வாங்கும்போதே நான்கு கேள்வி கேட்டோம், முந்தின நாள் மாலை "காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று எல்லோருக்கும் செய்தி போட்டோம். வந்து திரும்பிப்போகிறவர்கள் நன்றாகக் குறைந்தார்கள். பெயர் கொடுப்பவர் எல்லோரும் வந்து முடிப்பதில்லை என்பதை விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் தெரிந்துகொள்ளப் பல மாதம் ஆகும். உங்களுக்கு ஒரு காலைப் பொழுது போதும்.

ஊரைக் கேட்காமல் செய்த வேலை

அதே முகாமில் கண்மாய்க் கரையில் இருந்த சீமைக்கருவேலத்தை வெட்டினோம். நான்கு நாள் வேலை, கையெல்லாம் முள், படம் அருமையாக வந்தது. மூன்று மாதம் கழித்து, ஒரு மழைக்குப் பின் போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் திரும்பத் துளிர்த்து இடுப்பளவு நிற்கிறது. தூரோடு தோண்டி எடுக்காமல் மேலே மட்டும் வெட்டினால் அது அப்படித்தான் வரும், அங்கே ஆடு மேய்க்கிற சிறுவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கால்வாசி இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேரோடு முடித்திருப்போம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நேர்காணலில் "நீங்கள் தோற்றுப்போன ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் "நான் ரொம்பக் கடினமாக உழைப்பேன், அதுதான் என் குறை" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், எங்களுக்குக் காது வலிக்கிறது. தொண்டு வேலையில் தோற்பதில் ஒரு வசதி இருக்கிறது, யாருடைய சம்பளமும் போகாது, உங்களுக்கு ஒரு நேர்மையான பதில் கிடைக்கும். ஆனால் அந்தப் பதில் கிடைக்க வேண்டும் என்றால் முகாம் முடிந்த பிறகு ஒரு தடவையாவது திரும்பிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலோர் போவதில்லை. மரம் நட்ட பையனிடம் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று நான் கேட்பது இதற்காகத்தான். "நூறு நட்டோம், ஆடு மேய்ஞ்சு அறுபது போயிடுச்சு, வேலி போடாதது தப்பு" என்று ஒருவர் சொன்னால் என் பேனா தானாக நல்ல மதிப்பெண் போட்டுவிடும்.

முகாமுக்குப் போக முடியாதவர்களுக்கு

வீட்டில் இரவு தங்க விடமாட்டார்கள், மாலை கடையில் வேலை, ஊரில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன், இப்படி எத்தனையோ இருக்கும். பகுதி நேரமாகத் துணிக்கடையில் நிற்பவர், வீட்டுத் தறியைப் பார்த்துக்கொள்பவர் எல்லாம் அதையே சுயவிவரத்தில் எழுதலாம், அது தொண்டைவிட எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. மாதம் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது, ஸ்க்ரைப் என்று சொல்வார்கள். எழுதுபவரைத் தேர்வர் தானே அழைத்து வந்தால் அவருடைய படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும், ஸ்க்ரைப் வைத்து எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும் என்று 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் சொல்லின. அப்படிப் பார்த்தால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் அவர் சொல்வதை, அவர் சொல்கிறபடியே எழுத வேண்டும். அவர் சொல்வது தப்பு என்று உங்களுக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, நீங்களாகத் திருத்தவும் கூடாது. கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். மென்பொருள் வேலைக்குப் போய் வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்பதை எழுதாமல் தனக்கு என்ன தோன்றியதோ அதை எழுதி வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களை எல்லாம் ஒரு தேர்வுக்கு ஸ்க்ரைபாக அனுப்பலாம் போல இருக்கும். ஒரு முக்கிய விஷயம்: வருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் காய்ச்சல் வந்தாலும் ஆள் மாற்றிவிட்டாவது அனுப்ப வேண்டும். நீங்கள் வராவிட்டால் அவருடைய தேர்வே போய்விடும்.

இரண்டு, சென்னைக்காரர்களுக்கு மட்டும்: ஆமை நடை. மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988இல் இருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடுகிறது. ஜனவரியில் தொடங்கும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும், எடுத்துக்கொண்டு போய்ப் பொரிப்பகத்தில் புதைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சு வரும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தேதியையோ குழி எண்ணையோ தப்பாக எழுதினால் ஒன்றரை மாதம் கழித்து எந்தக் குழியை எப்போது கவனிப்பது என்று யாருக்கும் தெரியாது. பதிவேடு எழுதுவது குமாஸ்தா வேலை என்று அலட்சியமாக நினைப்பவர்கள் ஒரு சீசன் நடந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

மூன்று, தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் இருந்து தன்னார்வலர்களால் எழுதப்படுவது. உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திருத்துவதில் தொடங்கலாம். யாரும் சான்றிதழ் தரத் தேவையில்லை, நீங்கள் மாற்றிய ஒவ்வொரு வரியும் நாள், நேரத்தோடு வரலாற்றில் கிடக்கும், வேலை கொடுப்பவர் தானே திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆதாரம் இல்லாமல் எழுதியதை முகம் தெரியாத ஒருவர் நீக்குவார், கோபம் வரும், பேச்சுப் பக்கத்தில் மரியாதையாக வாதாட வேண்டியிருக்கும். அலுவலக மின்னஞ்சல் எழுத அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நோட்டும் சுயவிவரமும்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் தேதி, இடம், என்ன வேலை, என் பொறுப்பு எது, எத்தனை பேர், எவ்வளவு செலவு, எது சொதப்பியது. ஐந்து வரி போதும். மூன்றாம் வருடம் பிளேஸ்மென்ட் தொடங்கும்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய எண் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது, அப்போது "நிறைய மேடம்" என்றுதான் வாயில் வரும்.

சுயவிவரத்தில் "தலைமைப் பண்பு, குழுப்பணி, தொடர்புத்திறன்" என்று அடுக்காதீர்கள், எல்லோரும் அதையேதான் அடுக்குகிறார்கள். "ஏழு நாள் கிராம முகாமில் 50 பேருக்கான உணவுப் பொறுப்பு, முதல் நாள் மதிப்பீட்டைத் திருத்தி ஒதுக்கிய தொகைக்குள் முடித்தேன்" என்று ஒரே ஒரு வரி. அதைப் படிக்கிறவர் தானாகவே கேள்வி கேட்பார், அந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியும். எந்த வரியைப் போட்டாலும் அதன் பின்னால் ஐந்து நிமிடம் பேச விஷயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கல்லூரிப் பயிற்சியில் ஸ்டார் முறை என்று சூழல், பொறுப்பு, செயல், விளைவு எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் அந்த வரிசையிலேயே ஒப்பித்தால் மனப்பாடம் என்று உடனே தெரிந்துவிடும். பிரச்சினையில் இருந்து தொடங்குங்கள். "முதல் நாள் மதியமே சோறு தீர்ந்துபோச்சு சார்" என்றால் எதிரே இருப்பவர் போனைக் கீழே வைத்துவிடுவார்.

சில எச்சரிக்கைகள்

அரியர் வைத்துக்கொண்டு சேவை செய்யாதீர்கள். வளாகத்துக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவைத் தாள் இருந்தால் உள்ளேயே விடாது, உங்கள் முகாம் கதையைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். ஓ.டி. வாங்கும் நாளில் என்ன பாடம் போனது என்று அன்றே தோழியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

யாரோ பிரமுகர் வருகிறார், நாற்காலி நிரப்ப என்.எஸ்.எஸ். பிள்ளைகளை அனுப்புங்கள் என்று கேட்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. மறுக்க முடியாத இடத்தில் போய்விட்டு வாருங்கள், ஆனால் உங்கள் நோட்டில் அதைத் தொண்டு என்று எழுதாதீர்கள்.

அங்கன்வாடிக் குழந்தைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதை விட்டுவிடுங்கள். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் தங்கை முகத்தை முன்பின் தெரியாத கல்லூரிப் பையன் அப்படிப் போட்டால் சும்மா இருப்பீர்களா?

பெண்களுக்கு ஒன்று: முகாமுக்கு முன்பே தங்கும் இடத்தில் கழிப்பறையும் கதவுத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். "எல்லாம் இருக்கும்மா" என்று போனில் சொன்னதை நம்பி நாங்கள் போய், முதல் இரவு பக்கத்து வீட்டு அக்காவின் கதவைத் தட்டினோம்.

கடைசியாக, திட்ட அலுவலரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பதைக் கடைசி செமஸ்டர் வரை தள்ளிப் போடாதீர்கள். பொறுப்பு வேறு ஆசிரியருக்கு மாறிவிட்டால் புதியவருக்கு உங்கள் முகமே தெரியாது. போகும்போது நோட்டைக் கையில் கொண்டு போங்கள், எந்த முகாமில் என்ன பொறுப்பு என்று அவரும் பார்த்து எழுதுவார், இல்லாவிட்டால் "நல்ல மாணவி, ஒழுக்கமானவர்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். கடிதம் வாங்கிய பிறகு நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய அரிசிக் கணக்கு நோட்டு விடுதி காலி செய்த அன்று பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விட்டது.